ஃபாலி கோவ் ஆசிரியை வர்ஜீனியா லீ பர்ட்டன்

வட அமெரிக்காவின் கீழைக் கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனை ஒன்றுக்குக் கேப் ஆன் என்று பெயர். அதன் வடபுறத்தில், கிளாஸ்டர் என்னும் பழைய மீன்பிடி நகரின் எல்லைக்குள், ஃபாலி கோவ் என்ற சிறு குடா உள்ளது. கருங்கல் நிறைந்த நிலம். அக்கல்லை வெட்டியெடுக்கப் பின்லாந்து நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர் அப்பகுதியிலேயே குடும்பங்களாக வேரூன்றினர். 1930களில் கல்குவாரித் தொழில் நலிந்துவிட்டது. குழிகளில் நீர் தேங்கியது. அந்தக் காலத்தில், 1932 ஆம் ஆண்டு, ஓர் இளந்தம்பதியர் அங்கே குடியேறினர். கணவர் ஜார்ஜ் டிமீட்ரியஸ், கிரேக்க வழியில் வந்த சிற்பி. மனைவி வர்ஜீனியா லீ பர்ட்டன். ஊரார் அவரை ஜின்னி என்றே அழைத்தனர்.

பர்ட்டன் அம்மையாரின் பெயரைக் கேட்டதும் ஆங்கிலம் அறிந்த அன்பர்களுக்கு நினைவில் வருவன அவர் எழுதி, தாமே ஓவியமும் தீட்டிய குழந்தை நூல்களாகத்தான் இருக்கும். நீராவி மண்வெட்டும் இயந்திரத்தின் கதையும், நகரம் வந்து சூழ்ந்துகொண்ட சிறு வீட்டின் கதையும் உலகெங்கும் பரவியவை. அவரைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் அந்நூல்களோடு நிறுத்திக்கொள்வர். ஆனால் அவருடைய வாழ்நாளில் முப்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்ட பணி ஒன்று வேறாக இருந்தது. அண்டை வீட்டுப் பெண்களுக்கு வடிவமைக்கக் கற்றுக்கொடுத்து, லினன் துணியில் அவர்கள் கையாலேயே மேசை விரிப்புகளை அச்சிட வைத்த பணி அது. நம்முடைய வட்டம் பத்தாண்டை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், நூல்களைவிட அந்தப் பணியைப் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. அதுவும் ஒரு வட்டந்தான்.

1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, பாஸ்டனுக்கு அருகேயுள்ள நியூட்டன் சென்டரில் அவர் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் பர்ட்டன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களுக்கான முதல் தலைவர் பொறுப்பை ஏற்றவர். தாயார் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். கவிதையிலும் இசையிலும் நாட்டமுடையவர். சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் கலிஃபோர்னியாவுக்குச் சென்றது. சான் பிரான்சிஸ்கோவின் கவின்கலைப் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். வீடு வளைகுடாவின் மறுகரையில் அலமீடாவில் இருந்தது. நாள்தோறும் தொடர்வண்டி, படகு, மலைச்சாலையில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் கேபிள் கார் என்று மாறி மாறிச் சென்று திரும்ப வேண்டும். அந்த நெடும்பொழுதை அவர் வீணாக்கவில்லை. எதிரே அமர்ந்திருப்பவரை ஒருமுறை நன்றாகப் பார்ப்பார். பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து வரைவார். பிற்காலத்தில் தம் மாணவியரிடம் அவர் கேட்ட முதல் பயிற்சி, இந்தப் படகுப் பயணத்தில் அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டதுதான்.

நடனத்திலும் அவருக்குத் தேர்ச்சி இருந்தது. நடனக் கலைஞரான தமக்கையோடு சேர்ந்து மேடையேறும் வாய்ப்பு வந்த தறுவாயில் தந்தையின் கால் முறிந்தது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பாஸ்டனில் தங்கினார். ஆட்டம் அத்தோடு நின்றது. பாஸ்டன் ஈவினிங் டிரான்ஸ்கிரிப்ட் நாளேட்டின் இசை, நாடக விமரிசனப் பகுதிக்குக் கோட்டோவியம் வரையும் வேலை கிடைத்தது. 1930 இலையுதிர் காலத்தில் ஜார்ஜ் டிமீட்ரியஸ் நடத்திய ஓவிய வகுப்பில் மாணவியாகச் சேர்ந்தார். 1931 இளவேனிலில் அவரையே மணந்தார்.

ஃபாலி கோவில் அவர்கள் வாங்கிய வீடு சாலையை ஒட்டி இருந்தது. அதை அப்படியே பெயர்த்து நகர்த்தி, ஆப்பிள் மரங்கள் நின்ற புல்வெளியின் நடுவே வைத்தனர். மர வீடாதலால் அது இயன்றது. ஏரிஸ், மைக்கேல் என இரு ஆண்மக்கள் பிறந்தனர். முதன்முதலில் அவர் எழுதியது ஒரு தூசுத் துகளின் கதை. பதின்மூன்று பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. தம் மூத்த மகனுக்கே வாசித்துக் காட்டினார். கதை முடிவதற்குள் பிள்ளை உறங்கிவிட்டான். பதிப்பகங்களின் மறுப்பைவிட அந்த உறக்கமே அவருக்குச் சரியான விமரிசனமாகப் பட்டது. அது முதல் தம் பிள்ளைகளிடம் கதை சொல்லி, அவர்கள் எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று பார்த்துத் திருத்திய பின்னரே அச்சுக்குக் கொடுத்தார். 1937 இல் 'சூ சூ', 1939 இல் 'மைக் முல்லிகன்', 1942 இல் 'லிட்டில் ஹவுஸ்' வெளிவந்தன. கடைசியாகச் சொன்னதற்கு 1943 ஆம் ஆண்டின் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. அந்நூலில் வரும் வீடு, புல்வெளிக்கு நகர்த்தப்பட்ட அவருடைய சொந்த வீடுதான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி நம் பொருளுக்கு வருவோம்.

1938 இலையுதிர் காலத்தில் ஐனோ கிளார்க் என்ற அண்டை வீட்டுப் பெண்மணி ஒரு வேண்டுகோளோடு வந்தார். தமக்கு வடிவமைப்புக் கற்றுத்தர வேண்டும். பதிலுக்குப் பர்ட்டனின் பிள்ளைகளுக்கு நரம்பிசைக் கருவி கற்றுத் தருவதாக ஏற்பாடு. பணம் கைமாறாத இந்த ஒப்பந்தத்திலிருந்து முளைத்ததே அந்த வட்டம். ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்தனர். இல்லத்தரசியர், ஆசிரியைகள், கல்தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள், ஆடவரும் ஒருசிலர். பெரும்பாலோர் கலைப்பள்ளியின் வாசலை மிதித்தறியாதவர். 1940 இல் தம்பதியரின் வேலைக்கூடத்திலேயே முதற் கண்காட்சி நடந்தது. மறு ஆண்டு தமக்கு ஃபாலி கோவ் வடிவமைப்பாளர்கள் என்று பெயர் சூட்டிக்கொண்டனர்.

பாடத்தின் முதல் விதி, வாழ்கிற இடத்தில் நாள்தோறும் கண்ணில் படுவதை மட்டுமே வரைய வேண்டும் என்பது. அறியாத தேசத்து மலர்களுக்கும் படத்தில் பார்த்த பறவைகளுக்கும் அங்கே இடமில்லை. வேலியோரத்துக் காட்டுச் செடி, சமையலுக்கு வளர்க்கும் பூண்டு, கிளை தாழ்ந்த ஆப்பிள் மரம், அலை வற்றிய பாறையிடுக்கில் ஒட்டிக்கிடக்கும் கடற்பாசி, இவைதாம் பாடுபொருள். எதைத் தேர்ந்தாலும் அதைப் பலமுறை வரைந்தாக வேண்டும். இலை காம்போடு சேரும் இடம், பூ உதிர்ந்தபின் எஞ்சும் புல்லி, விதை பிளக்கும் விதம் அனைத்தையும் அறிய வேண்டும். பிறகு செடியை அப்பால் வைத்துவிட்டுப் பாராமல் வரைய வேண்டும். பாராமல் வரையும்போது நின்று போகிற இடம் எதுவோ, அதுவே இன்னும் அறியாத இடம். திரும்பவும் தோட்டத்துக்குப் போகவேண்டியதுதான்.

அதன் பின்னரே வடிவமைப்பு தொடங்கும். வண்ணம் தொடக்கூடாது, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. ஒரே இலையை மிகச் சிறிதிலிருந்து மிகப் பெரிது வரை படிப்படியாக அமைத்துக் காட்ட வேண்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயைகளைப் புள்ளியாலும் கோட்டாலுமே உண்டாக்க வேண்டும். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் எஞ்சும் வெற்றிடம் தானும் ஓர் உருவாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை வந்தது மறுமுறை வரும்போது அளவிலோ திசையிலோ சிறிது மாறி வர வேண்டும். அப்போதுதான் கண் களைக்காமல் துணியின் மேல் ஓடும். யாப்புப் பயின்ற அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சீர் திரும்பி வருவதும், வந்தது அப்படியே வராமல் சற்றே விலகி நிற்பதும் நாம் அறிந்தவைதாமே.

வீட்டுப்பாடம் உண்டு, அதில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், விருந்தினர் வந்துவிட்டனர் என்ற காரணங்கள் செல்லுபடியாகா. வகுப்பில் எல்லோருடைய தாள்களும் எல்லோர் பார்வைக்கும் வரும், எல்லோரும் கருத்துரைப்பர். எழுதிய கவிதையைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, முதலில் யார் வாய் திறப்பார் என்று காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பெண்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்மால் வரைய முடியாது என்று உண்மையாகவே நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையைப் பர்ட்டன் புகழ்ந்து பேசிக் கலைக்கவில்லை. கடினமான வேலை கொடுத்தே கலைத்தார்.

தேறிய வடிவத்தை அச்சுக்கட்டையாக்க வேண்டும். மரத்துக்குப் பதிலாக அவர்கள் லினோலியத்தைப் பயன்படுத்தினர். தரைக்கு விரிக்கும் அந்தக் கனத்த தகட்டைப் பலகையில் ஒட்டி, வடிவத்தை இடவலம் மாற்றி அதன் மேல் படியெடுத்து, நுண்ணிய உளிகளால் வெள்ளைப் பகுதிகளைச் செதுக்கி எடுப்பர். நுணுக்கமான ஒரு கட்டையை முடிக்க மாதங்கள் ஆகும். ஒரு கோடு வழுக்கினால் அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

இங்கே சிறிது விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரில் நெய்த துணி. லினோலியமோ ஆளி விதையின் எண்ணெயைக் காற்றில் இறுகவைத்து, தக்கைத் தூள் முதலியவற்றோடு கலந்து, சணல் துணியின் மேல் பரப்பிச் செய்வது. அச்சகத்தார் பயன்படுத்தும் எண்ணெய் மைக்கும் நெடுங்காலமாக அடிப்படை ஆளிவிதை எண்ணெய்தான். ஆக, நீலப்பூப் பூக்கும் ஒரு செடியின் நார் துணியாகவும், அதன் எண்ணெயே கட்டையாகவும் மையாகவும் வந்து சேர்ந்து, அதன் மேல் இன்னொரு செடியின் உருவைப் பதிக்கின்றன. வடமொழியிலோ தமிழிலோ இதற்கு அணியிலக்கணத்தில் ஒரு பெயர் இருக்கலாம்; எனக்கு அகப்படவில்லை.

அச்சிடும் முறை அதைவிட வியப்பானது. மெத்தென்ற விரிப்பின் மேல் துணியைப் பரப்பி, உருளையால் மை தடவிய கட்டையைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏறி நின்று குதிப்பார்கள். உடல் எடை முழுவதும் காலின் வழியே கட்டையில் இறங்க வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் மாறி மாறி மிதிப்பர். நடனத்தை விட்டுவந்த பர்ட்டனுக்கு இது பொருந்தி வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னாளில் கையால் இயக்கும் அச்சுப்பொறியும் வந்தது. பின்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஐனோ நாட்டி என்ற ஆடவர் வடிவமைப்பதோடு அச்சிடுவதிலும் குழுவுக்குத் துணை நின்றார்.

படிப்பை முடித்தால் மட்டும் உறுப்பினராகிவிட முடியாது. குழுவினருள்ளிருந்தே அமைந்த நடுவர்கள் வடிவத்தைப் பார்த்து ஏற்க வேண்டும். பழைய உறுப்பினரின் புது வடிவமும் அவர்களைக் கடந்தே விற்பனைக்குப் போக முடியும். சிநேகிதியின் வடிவத்தைச் சிநேகிதி மறுத்துவிட்டு, மறுநாள் அஞ்சலகத்தில் அவரையே எதிர்கொள்ள வேண்டிய சிற்றூர் அது. ஆயினும் முப்பது ஆண்டுக் காலம் அந்த ஏற்பாடு குலையவில்லை. தேறியவர்களுக்குப் பர்ட்டனே வடிவமைத்த சான்றிதழ் ஒன்று உண்டு. பட்ட பாட்டையெல்லாம் நகைச்சுவையோடு சித்திரித்த அச்சு அது.

செய்தி வெளியே பரவிற்று. 1940களின் நடுவில் நியூயார்க்கின் லார்டு அண்டு டெய்லர் பல்பொருள் அங்காடி ஐந்து வடிவங்களுக்கு உரிமை பெற்றது. லைஃப் இதழ் அவர்களைப் பற்றி எழுதியது. ஷூமாக்கர் போன்ற பெரிய துணி நிறுவனங்களும் சில வடிவங்களை வாங்கின. 1948 முதல் ஃபாலி கோவில் ஒரு பழைய களஞ்சியத்தைச் சீர்செய்து கோடைகாலக் கடையாக நடத்தினர். தட்டின் அடியில் விரிக்கும் சிறு விரிப்புகள், நீண்ட மேசை ஓட்டங்கள், கைத்துண்டுகள், திரைச்சீலைத் துணிகள் அங்கே விற்றன. விடுமுறைக்குக் கடற்கரை நாடி வந்தோர் வாங்கிச் சென்றனர்.

சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் படத்தை அவர்கள் செய்திருக்கலாம். கூடுதல் மதிப்பும் கிடைத்திருக்கும். மேசை விரிப்போ சூப்பு சிந்துகிற இடம், குழந்தை முள்கரண்டியால் கீறுகிற இடம். துவைத்துத் துவைத்து மென்மையாகித் தேய்ந்து போவது அதன் விதி. மாதக்கணக்கில் செதுக்கிய ஒரு கொடியை அந்த விதிக்கு ஒப்படைக்க மனம் துணிய வேண்டும். நல்ல வடிவம் அன்றாடப் புழக்கத்தில் இருக்க வேண்டும், காட்சிக்கு ஒதுங்கக் கூடாது என்பது பர்ட்டனின் உறுதியான கொள்கை. நான் அதில் முழுவதும் உடன்படுகிறேனா என்று கேட்டால் தயங்குவேன். புழங்கிய விரிப்புகளில் எத்தனையோ இன்று இல்லை. பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்தவையே நமக்கு எஞ்சின. கொள்கைக்கு மாறாக நடந்தவர்களால்தான் கொள்கையின் சான்று பிழைத்திருக்கிறது.

அவர் தாமே உருவாக்கிய வடிவங்களில் 'ஊஞ்சல் மரம்' பலரும் அறிந்தது. வீட்டருகே நின்ற மரமும் அதில் தொங்கிய ஊஞ்சலும் அதற்கு மூலம். 'ஜார்ஜின் தோட்டம்' என்பதில் கணவரின் காய்கறிப் பாத்திகளே அணியாகின்றன. ஆட்டுக்குட்டிகள், வம்பு பேசும் கோழியினம், பின்லாந்தியரின் நடனம் என்று ஊரின் வாழ்வு முழுவதும் அவருடைய கட்டைகளில் இறங்கியிருக்கிறது.

வகுப்பறை அவருடைய நூல்களையும் மாற்றியது. 1947 இல் வெளிவந்த 'ராபின் ஹூட் பாடல்கள்' நூலுக்கு அவர் வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்களைப் பாருங்கள். பழைய கதைப்பாடல்களின் ஒவ்வொரு செய்யுளுக்கும் ஒரு சிறு சித்திரம். இலை மேல் இலையாக, கிளைக்குள் கிளையாகக் காடு பக்கத்தை நிறைக்கிறது. மாணவியருக்கு விதித்த அதே கட்டுப்பாட்டில் அவரும் நின்றிருக்கிறார். மூன்றாண்டு உழைப்பு. 'லிட்டில் ஹவுஸ்' நூலைவிட இதையே அவருடைய பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். குழந்தைகள் என்னோடு உடன்படமாட்டார்கள். 1962 இல் வந்த கடைசிப் பெரு நூல் 'லைஃப் ஸ்டோரி', பூமி தோன்றியது முதலான வரலாற்றை ஒரு நாடகமாக மேடையேற்றி, இறுதிக் காட்சிகளில் ஃபாலி கோவின் அந்த வீட்டுக்கும் ஆப்பிள் மரங்களுக்கும் வந்து சேர்கிறது.

ஆனால் கணக்குப் பார்த்தால் நூல்கள் சிலவே. 1952 இல் 'மேபெல்' என்ற கேபிள் காரின் கதைக்கும் 1962 க்கும் இடையில் பத்தாண்டு வெளி. வகுப்புகளும் தாள் திருத்தலும் குழுவின் பொறுப்புகளும் எடுத்துக்கொண்ட காலத்தில் இன்னும் நான்கைந்து நூல்கள் எழுதியிருக்கலாமே என்று பதிப்பாளர் எவரேனும் வருந்தினால் குறை சொல்ல முடியாது. அவர் தம் பாடமுறை முழுவதையும் ஒரு நூலாக்கவும் முயன்றார். படிப்படியான பயிற்சிகள், விளக்கப் படங்கள் என்று ஆண்டுக்கணக்கில் அதற்காக உழைத்தார். திருத்தினார், மாற்றினார், மீண்டும் திருத்தினார். அண்டை வீட்டாரின் தாளைப் பார்த்த கணத்தில் எந்தப் பூ சற்றுச் சிறிதாக வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, எதிரே ஆளில்லாமல் அதையே எழுத்தில் சொல்வது கைவரவில்லை போலும். நூல் முடியவில்லை.

1968 ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் அவர் காலமானார். வயது ஐம்பத்தொன்பது.

குழுவில் அப்போது தேர்ந்த கைகளுக்குக் குறைவில்லை. முப்பதாண்டுப் பயிற்சி உள்ளவர்கள் இருந்தனர், கடை இருந்தது, வாங்குவோர் இருந்தனர். பெயரும் நிலைபெற்றிருந்தது. ஆயினும் மறு ஆண்டே, 1969 இல், ஃபாலி கோவ் வடிவமைப்பாளர்கள் தம் குழுவைக் கலைத்தனர். ஆசிரியை இல்லாமல் அந்தப் பெயரைத் தொடர வேண்டாம் என்ற முடிவு சரியா என்பதைப் பற்றி நம் வட்டத்தில் இரு கருத்து இருக்கும். விளக்கு அணையுமுன் தாமே திரியை இறக்கியது கண்ணியம் என்பர் சிலர். கற்றவர்கள் கற்பிக்காமல் விட்டது கடன் தீராத குறை என்பர் வேறு சிலர். நான் இரண்டாம் கட்சி. ஆனால் அந்தப் பெண்களில் சிலர் குழு கலைந்த பின்னும் தனியே செதுக்கிக்கொண்டுதான் இருந்தனர்.

கலைந்தபோது அவர்கள் ஒன்றைச் செம்மையாகச் செய்தனர். குழுவின் மாதிரித் துணிப் புத்தகங்களையும் செதுக்கிய கட்டைகளையும் ஆவணங்களையும் திரட்டிக் கிளாஸ்டரில் உள்ள அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தனர். இன்று கேப் ஆன் அருங்காட்சியகம் என்று வழங்கும் அந்த நிறுவனத்தின் சேமிப்பில், மை ஊறிய லினோலியக் கட்டைகளும் அவற்றால் அச்சான லினன் விரிப்புகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.